கதையைச் சொல்வது யார்? எங்கே நின்று சொல்கிறார்?



ஒரு கல்யாண வீட்டில் சண்டை நடந்துவிட்டது என்று வையுங்கள். மறுநாள் அது இரண்டு கதைகளாக வெளியே வரும். பெண் வீட்டார் சொல்வது ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் சொல்வது இன்னொன்று. பந்தலும் ஒன்றுதான், சண்டையும் ஒன்றுதான். ஆனால் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாரே ஓர் அம்மா, அவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டால் மூன்றாவதாக ஒரு கதை கிடைக்கும். சில நேரங்களில் அதுதான் உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கும்.

இன்றைய கருத்துக்களத்தில் அமெரிக்கச் சிறுகதையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சிறுகதையின் வரலாற்றை இந்தப் பந்தல் கணக்கை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இலக்கியத் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் கருப்பொருள், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி என்று தனித்தனித் தலைப்புப் போட்டுக் குறிப்பெடுப்பார்கள். கதை எந்த வட்டாரத்தில் நடக்கிறது என்பது பின்னணியில் போய்விடும். கதையை யார் சொல்கிறார் என்ற நோக்குநிலை உத்தியில் போய்விடும். தேர்வுக்கு இந்தப் பிரிவினை வசதிதான். ஆனால் அமெரிக்கச் சிறுகதையில் இவை இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள். ஓர் ஊரின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது, அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதே அந்தக் கேள்வி.

ஒரே ஊரில் பிறந்த இருவர்

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஈட்டன்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இந்தச் சிறிய ஊரில் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் இருவர் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் பிறந்தார்கள். முதலாமவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ், 1840களில் பிறந்த வெள்ளையர். இரண்டாமவர் ஆலிஸ் வாக்கர், 1944இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. குத்தகை விவசாயக் குடும்பத்தின் மகள்.

ஹாரிஸும் வசதியான வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை கைவிட்டுப் போக, தாய் வளர்த்த பிள்ளை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல், ஊருக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தின் அச்சுக்கூடத்தில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார்.

தோட்டம் என்றதும் நமக்கு ரப்பர் மரமும் கூலி நாளும் நினைவுக்கு வரும். அங்கே அது பருத்தித் தோட்டம். வேலை செய்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். 1860ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர்.

மாலை நேரங்களில் அந்த அடிமைகளின் குடியிருப்புக்குப் போய் அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டான் சிறுவன் ஹாரிஸ். பலமில்லாத முயல் தன் புத்தியால் நரியையும் கரடியையும் ஏமாற்றும் கதைகள் அவை. பின்னாளில் அட்லாண்டா நகரில் பத்திரிகையாளரானபோது அவற்றை எழுதி 1880இல் நூலாக வெளியிட்டார். நாடெங்கும் புகழ் கிடைத்தது.

அந்தக் கதைகளைச் சொல்பவராக அவர் படைத்தது ரீமஸ் மாமா என்ற கறுப்பினக் கிழவரை. கேட்பவன் வெள்ளை முதலாளி வீட்டுச் சிறுவன். கிழவர் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். ஆனால் அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருப்பதாகத் தெரியாது.

கதையைப் பெற்றுப் பாதுகாத்தவர்கள் கறுப்பின மக்கள். எழுதியவர், அச்சிட்டவர், புகழ் பெற்றவர் வேறொருவர். இந்த ஏற்பாடு ஹாரிஸ் ஒருவரோடு நின்றுவிடவில்லை. அந்தக் காலத்து வட்டாரக் கதைகள் பலவற்றின் அமைப்பே இப்படித்தான் இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

ரயிலும் மாத இதழும்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். போர் முடிந்தது, அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1869இல் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை ஒன்று சேர்ந்தது. ஒரே நாடு என்று பெயர் இருந்தாலும் ஒரு பகுதியார் மறு பகுதியாரை அறியவில்லை. மெய்ன் மாநிலத்து மீனவருக்கு மிசிசிப்பி எப்படியிருக்கும் என்று தெரியாது. நியூயார்க் வணிகருக்குக் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்க முகாம் எப்படியிருக்கும் என்று தெரியாது.

அறிந்துகொள்ளும் ஆவல் இருந்தது. அந்த ஆவலுக்குத் தீனி போட்டவை மாத இதழ்கள். நியூயார்க்கின் ‘ஹார்ப்பர்ஸ்’ 1850இல் தொடங்கியது; பாஸ்டனின் ‘அட்லாண்டிக் மந்த்லி’ 1857இல் தொடங்கியது. இவற்றின் ஆசிரியர்களும் பெரும்பாலான வாசகர்களும் நகரத்தார், படித்தவர்கள். தொலைதூர ஊர்களின் பேச்சும் பழக்கவழக்கமும் நிறைந்த கதைகளை அவர்கள் விரும்பிக் கேட்டார்கள். ‘வட்டார வண்ணக் கதைகள்’ என்று அவற்றுக்குப் பெயரே ஏற்பட்டது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. வாசகர் நகரத்தார், கதை மாந்தர் கிராமத்தார். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் தேவைப்பட்டார். அவர்தான் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் படித்த விருந்தாளி. அவர் ஊருக்கு வருவார், ஒரு பெரியவரைச் சந்திப்பார், பெரியவர் தம் கொச்சை மொழியில் ஒரு கதை சொல்வார், விருந்தாளி கேட்டுவிட்டு ஊர் திரும்பி நமக்கு எழுதுவார். கதைக்குள் கதை. வெளிக்கதை விருந்தாளியுடையது, அதன் மொழி திருத்தமான ஆங்கிலம். உள்கதை ஊர்க்காரருடையது, அதன் மொழி பேச்சு வழக்கு.

தவளை தந்த புகழ்

இந்த அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு மார்க் ட்வெய்னை நாடறியச் செய்த தவளைக் கதை. 1865 நவம்பரில் நியூயார்க் வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவர் கலிபோர்னியாவின் சுரங்க முகாம்களில் தங்கியிருந்தார். அங்கே காதில் விழுந்த கதையைத்தான் எழுதினார்.

கதையில், ஒரு கனவான் தம் நண்பர் சொன்னபடி சைமன் வீலர் என்ற கிழவரைப் பார்க்கப் போகிறார். கிழவர் அவரை ஒரு மூலையில் உட்கார வைத்து, நாற்காலியால் வழியை மறித்துக்கொண்டு, எதையெடுத்தாலும் பந்தயம் கட்டும் ஒருவனின் கதையை அளக்கத் தொடங்குகிறார். அவன் தாவப் பழக்கிய தவளையின் வயிற்றில் வேறொருவன் ரகசியமாக ஈயக் குண்டுகளை நிரப்பிவிடுகிறான். தவளை நகரவில்லை; 40 டாலர் பந்தயம் போயிற்று.

கனவானுக்குச் சலிப்பு. எப்போது தப்பிக்கலாம் என்று பார்க்கிறார். கிழவரோ சிரிக்காமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிக்கொண்டே போகிறார். படிக்கும் நமக்குச் சிரிப்பு வருவது யாரைப் பார்த்து? கிழவரைப் பார்த்து என்று முதலில் தோன்றும். கொஞ்சம் நேரம் கழித்துத்தான், ஏமாந்து உட்கார்ந்திருப்பவர் கனவான் என்பது புரியும். அமைப்பு பழையதுதான். ஆனால் அந்த அமைப்புக்குள்ளேயே ஊர்க்காரர் விருந்தாளியை வென்றுவிடலாம் என்பதை ட்வெய்ன் காட்டினார்.

கிழவரின் வாயில் யாருடைய சொல்?

அதே அமைப்பு தென் மாநிலங்களுக்குப் போனபோது விளையாட்டாக இருக்கவில்லை.

தாமஸ் நெல்சன் பேஜ் என்று ஓர் எழுத்தாளர், வர்ஜீனியா மாநிலத்துத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளையர். 1884இல் அவர் எழுதிய ‘மார்ஸ் சான்’ என்ற கதை பெரும் வரவேற்பைப் பெற்றது. வழிப்போக்கராக வரும் வெள்ளையர் ஒருவர், முன்னாள் அடிமையான கிழவரைச் சந்திக்கிறார். போரில் இறந்துபோன தம் இளம் எஜமானரை நினைத்து உருகி உருகிப் பேசுகிறார் அந்தக் கிழவர். அந்தக் காலம் போல் வருமா என்கிறார்.

இதில் என்ன தவறு, அப்படியும் சிலர் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடிமைக் காலம் இனிமையானது என்று எஜமான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அடிமையாக இருந்தவரே சொன்னால்? வட மாநில வாசகர் நம்பினார், கண் கலங்கினார். அந்த வாய் கறுப்பினத்தவருடையது; அதில் வந்த சொல்லோ தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையுடையது.

அது வெறும் கதை ரசனையாக நிற்கவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் பாதுகாக்கத் தெற்கே நிறுத்தப்பட்டிருந்த மத்திய அரசின் படைகளுக்கு 1877இல் அந்தப் பணி முடிந்துபோயிற்று. அதன் பிறகு அம்மக்களின் வாக்குரிமை ஒவ்வொரு மாநிலமாகப் பறிக்கப்பட்டது. 1896இல் இனவாரியாகப் பிரித்து வைப்பது சட்டப்படி சரியே என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. கதைகள்தாம் இதைச் செய்தன என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதெல்லாம் நடந்தபோது வடக்கே இருந்தவர்களின் மனசாட்சி உறுத்தாமல் தூங்குவதற்கு இத்தகைய கதைகள் தலையணையாக இருந்தன.

அதே அச்சில் வேறு பலகாரம்

1887 ஆகஸ்டில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ ஒரு கதை வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘மந்திரம் போட்ட திராட்சைக்கொடி’. எழுதியவர் சார்ல்ஸ் செஸ்னட். அவர் கறுப்பினத்தவர் என்பது அப்போது பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியாது. 1858இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரில் பிறந்து, வட கரோலினாவின் ஃபேயட்வில் ஊரில் வளர்ந்தவர். அங்கே ஆசிரியராகவும் பள்ளி முதல்வராகவும் இருந்தார். பிறகு கிளீவ்லாண்டுக்கே திரும்பிச் சட்டம் படித்துத் தேறி, நீதிமன்றச் சுருக்கெழுத்து அலுவலகம் நடத்தினார். பார்த்தால் வெள்ளையர் என்றே எண்ணத் தோன்றும் நிறம். வெள்ளையராகவே வாழ்ந்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

கதையின் அமைப்பு வாசகருக்குப் பழக்கமானதுதான். வடக்கே ஒஹாயோவிலிருந்து ஜான் என்ற வெள்ளையர் மனைவி ஆனியுடன் வட கரோலினாவுக்கு வருகிறார். மனைவிக்கு உடல் நலம் சரியில்லை, நல்ல காற்று வேண்டும். கைவிடப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார். அங்கே ஒரு மரக்கட்டையில் அமர்ந்து திராட்சை தின்றுகொண்டிருக்கிறார் ஜூலியஸ் மாமா என்ற முன்னாள் அடிமை. வாங்க வேண்டாம் ஐயா, இந்தத் தோட்டத்துக்கு மந்திரம் போட்டிருக்கிறது என்று சொல்லிக் கதையை ஆரம்பிக்கிறார்.

அடிமைகள் திராட்சையைத் தின்றுவிடுகிறார்கள் என்று முதலாளி ஒரு மந்திரக்காரியை அழைத்து மந்திரம் வைக்கிறான். விவரம் தெரியாமல் புதிதாக வந்த ஹென்றி என்ற வழுக்கைத் தலைக் கிழவன் பழத்தைத் தின்றுவிடுகிறான். உயிர் தப்ப, கொடியின் பாலைத் தலையில் தடவிக்கொள்கிறான். அன்றுமுதல் அவன் உடம்பு திராட்சைக் கொடியோடு சேர்ந்துவிடுகிறது. கொடி தளிர்க்கும்போது தலையில் முடி சுருள் சுருளாய் வளர்ந்து இளைஞனாகிறான். இலை உதிரும்போது முடி உதிர்ந்து மூட்டு வலிக்கும் கிழவனாகிறான். முதலாளி சும்மா இருப்பானா? வசந்தத்தில் இளைஞனை நல்ல விலைக்கு விற்கிறான், இலையுதிர் காலத்தில் கிழவனை அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்குகிறான். ஆண்டுதோறும் லாபம். கடைசியில் பேராசையால் கொடிகள் பட்டுப்போகின்றன, ஹென்றியும் சாகிறான்.

கேட்டு முடித்த ஜான் தோட்டத்தை வாங்கிவிடுகிறார். பிறகு அவருக்கு ஒரு விஷயம் தெரிகிறது. ஜூலியஸ் அந்தத் தோட்டத்திலேயே குடியிருந்து, பழத்தை விற்று ஓரளவு நல்ல வருமானம் பார்த்து வந்திருக்கிறார். அதனால்தான் மந்திரக் கதை சொல்லி விரட்டப் பார்த்தார் என்று ஜான் முடிவு கட்டுகிறார். அவரைத் தம் வண்டியோட்டியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

ஜான் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் அவர் கண்டுபிடித்தது அது ஒன்றை மட்டும்தான். மனிதனைப் பருவத்துக்கு ஒரு விலை போட்டு விற்ற கதையைக் காதால் கேட்டும் அவர் மனத்தில் அது ஏறவில்லை. படிக்கும் நமக்கு ஏறுகிறது. அதே அச்சு, அதே கிழவர், அதே கொச்சை மொழி. உள்ளே வைத்த சரக்கு வேறு.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பாவம் சாண்டி’ கதையில் இது இன்னும் தெளிவு. சாண்டி என்ற அடிமையை முதலாளியின் பிள்ளைகள் மாதத்துக்கு ஒருவராக இரவல் வாங்குகிறார்கள். ஓரிடத்தில் நிலைத்து நிற்க மாட்டோமா என்று அவன் ஏங்க, மந்திரம் தெரிந்த மனைவி அவனை ஒரு பைன் மரமாக்கி நிற்க வைக்கிறாள். அவளை வேறிடத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்ட சமயத்தில் மரத்தை வெட்டி அறுத்துப் பலகையாக்கிவிடுகிறார்கள். இதைக் கேட்டதும் ஜானின் மனைவி ஆனிக்கு அடிமை முறையின் கொடுமை உறைக்கிறது. அந்தப் பலகையில் தனக்குச் சமையலறை வேண்டாம் என்கிறார். ஜானோ, அந்தப் பழைய கட்டடம் பிறகு ஜூலியஸின் சபைக்குத் தொழுகை நடத்தப் பயன்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறார். ஒரே கதையைக் கேட்ட இருவரில் ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று செஸ்னட் வாசகரைக் கேட்காமல் கேட்கிறார். இந்த வரிசைக் கதைகள் ஏழு சேர்ந்து 1899இல் நூலாயின.

சொல்ல மறுத்த சிறுமி

அதே ஆண்டுகளில் வடகோடி மெய்ன் மாநிலத்திலிருந்து ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். சேரா ஓர்ன் ஜூவெட், மருத்துவரின் மகள். நோயாளிகளைப் பார்க்கப் போகும் தந்தையுடன் வண்டியில் போய்ப் போய் அந்த வட்டாரத்து மக்களை அறிந்தவர். 1886இல் வந்த அவருடைய ‘வெள்ளை நாரை’ கதையிலும் ஒரு விருந்தாளி வருகிறார். பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து சேகரிக்கும் இளைஞர். நாரையின் கூட்டைக் காட்டினால் 10 டாலர் தருகிறேன் என்கிறார். பாட்டியோடு வாழும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு அது பெரும் பணம். அந்த இளைஞர் மீது அவளுக்குப் பிரியமும் உண்டு.

விடியற்காலையில் உயர்ந்த பைன் மரத்தின் உச்சிக்கு ஏறிக் கூட்டைப் பார்த்துவிடுகிறாள். இறங்கி வந்தபின் சொல்லவில்லை. பாட்டி அதட்டியும் வாய் திறக்கவில்லை.

இந்தக் கதையை இளைஞர் சொல்லியிருந்தால் அது ஒரு பிடிவாதக்காரக் கிராமத்துப் பெண்ணின் கதையாகியிருக்கும். ஜூவெட் நம்மைச் சிறுமியோடு மரத்தில் ஏற்றிவிட்டார். முதன்முறையாகக் கடலைப் பார்க்கிறாள். நாமும் அவள் கண்ணால் பார்க்கிறோம். அதனால் அவள் மௌனம் நமக்குப் புரிகிறது, இளைஞருக்குப் புரிவதில்லை.

‘நாங்கள்’ என்றால் யார்?

இருபதாம் நூற்றாண்டில் விருந்தாளி மெல்ல மெல்ல விலகினார். ஊர்க்காரரே பேசத் தொடங்கினார்கள். புளோரிடாவில் கறுப்பின மக்களே நிர்வாகம் நடத்திய ஈட்டன்வில் என்ற ஊரில் வளர்ந்தவர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். முன்பு சொன்ன ஈட்டன்டன் வேறு, இது வேறு. 1926இல் அவர் எழுதிய ‘வியர்வை’ கதையில் ஊர்த் துணிகளை வெளுத்துப் பிழைக்கும் பெண்ணின் துயரம் இருக்கிறது. அவளைக் கொடுமைப்படுத்தும் கணவனைப் பற்றிக் கடைத் திண்ணையில் அமர்ந்த ஆண்கள் நியாயம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை வெளியூராருக்கு விளக்க அங்கே எந்தக் கனவானும் இல்லை.

ஊர்க்காரரே பேசினால் உண்மை தானாக வந்துவிடுமா? வராது. அதைக் காட்டியவர் மிசிசிப்பி மாநிலத்து வில்லியம் ஃபாக்னர். 1930இல் வெளிவந்த ‘எமிலிக்கு ஒரு ரோஜா’ கதையை ஒரு தனி மனிதர் சொல்வதில்லை; ‘நாங்கள்’ என்று ஊரே சொல்கிறது. பழைய பெருமையோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த எமிலி என்ற பெண்மணியைப் பற்றி ஊருக்கு எல்லாம் தெரியும். எப்போது விஷம் வாங்கினார், யாரோடு வண்டியில் போனார், எப்போது நாற்றம் அடித்தது, எல்லாம் தெரியும். ஆனால் அந்த வீட்டு மாடி அறையில் பல்லாண்டுகளாகக் கிடந்த பிணம் மட்டும் அவர் சாகும்வரை தெரியாது.

தெரிந்த ஒருவர் இருந்தார். டோபி என்ற கறுப்பின வேலையாள். வீட்டுக்குள் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். எமிலி இறந்ததும் ஊரார்க்கு முன்வாசலைத் திறந்துவிட்டு, பின்வாசல் வழியாக நடந்து போய்விடுகிறார். அதன் பின் அவரை யாரும் பார்க்கவில்லை. ‘நாங்கள்’ என்று ஊர் சொன்ன கணக்கில் அவர் இல்லை. நான் முதலில் சொன்னேனே, பின்கட்டில் பாத்திரம் கழுவிய அம்மா, அவர் நிலைதான் இது.

கொலையாளியின் வாயால் ஒரு கதை

1963 ஜூன் 12ஆம் நாள். மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மெட்கர் எவர்ஸ் நள்ளிரவு கடந்த நேரத்தில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நகரில் வாழ்ந்தவர் யூடோரா வெல்டி என்ற வெள்ளையின எழுத்தாளர். அப்போது வயது 54. செய்தி கேட்டவுடன் உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். தலைப்பு, ‘இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது?’. ‘நான்’ என்று பேசுபவன் கொலையாளியே.

அப்போது யாரும் கைதாகவில்லை. தம் ஊரின் பேச்சை ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டவர் என்பதால், இப்படி ஒருவன் எப்படி நினைப்பான், எப்படிப் பேசுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ‘நியூயார்க்கர்’ இதழ் ஜூலை 6இல் வெளியிட்டது. அதற்குள் ஒருவர் கைதாகிவிட்டதால், வழக்கைப் பாதிக்காதபடி சில விவரங்களை மாற்ற வேண்டியிருந்தது. கைதானவர் 1994இல்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. முப்பது ஆண்டுகள்!

வெல்டி ஓரிடத்தில் தவறினார். கொலையாளியை ஏழை வெள்ளையனாகக் கற்பனை செய்திருந்தார். உண்மையில் அவர் ஒரு காலத்தில் பெயர்பெற்று விளங்கிய பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். கெட்டதைச் செய்பவன் ஏழையாகத்தான் இருப்பான் என்று சொந்த ஊர்க்காரருக்கும் தோன்றிவிடுகிறது. ஊருக்குள் நின்று பார்ப்பவருக்கும் ஒரு மறைப்பு இருக்கிறது.

படம் எடுக்கப்பட்டவர் பேசுகிறார்

இப்போது ஈட்டன்டனுக்குத் திரும்புவோம். ஆலிஸ் வாக்கர் 1973இல் வெளியிட்ட ‘அன்றாடப் பயன்பாடு’ கதையிலும் ஒரு விருந்தாளி காரில் வந்து இறங்குகிறாள். அவள் வேற்றாள் அல்லள். வெளியூர் போய்ப் படித்துப் பெயரையே மாற்றிக்கொண்ட மகள். இறங்கியதும் கேமராவை எடுக்கிறாள். தாயையும், தீப்பட்ட தழும்போடு கூச்சப்பட்டு நிற்கும் தங்கையையும், பின்னால் வீடும் தெரியும்படி படம் எடுக்கிறாள். பாட்டி கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் வேண்டும் என்கிறாள், சுவரில் மாட்டி வைக்க. தங்கைக்குக் கொடுத்தால் அன்றாடம் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்பது அவள் கவலை. தாய் போர்வைகளை வாங்கித் தங்கையின் மடியில் போடுகிறார். அவளுக்குத்தான் அதைத் தைக்கவும் தெரியும்.

நேயர்களே, இந்தக் கதையைச் சொல்வது யார்? கேமராவைப் பிடித்தவள் இல்லை. படத்துக்கு நின்ற தாய். பன்றியைத் தானே அறுத்துச் சுத்தம் செய்யும், இரண்டாம் வகுப்போடு பள்ளி மூடப்பட்ட தாய். 1865இல் விருந்தாளி எழுதினார், ஊர்க்காரர் எழுதப்பட்டார். 1973இல் ஊர்க்காரரே விருந்தாளியைப் பற்றி நமக்குச் சொல்கிறார். இந்த இடத்துக்கு வரச் சிறுகதைக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

வாக்கரும் படித்து நியூயார்க் வரை போனவர்தாம். கேமராவைப் பிடிக்கும் கையும் அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்த மகளை வில்லியாக்கிவிடாமல் எழுத முடிந்தது. அதே 1973இல் அவர் இன்னொரு காரியமும் செய்தார். வறுமையில் இறந்து புளோரிடாவில் அடையாளமின்றிக் கிடந்த ஹர்ஸ்டனின் கல்லறையைத் தேடிப் போய் அதற்கு ஒரு கல் நாட்டினார்.

தம் ஊர்க்காரரான ஹாரிஸைப் பற்றி அவர் பின்னாளில் கடுமையாகவே பேசினார். தம் மரபின் பெரும்பகுதியை அவர் பறித்துக்கொண்டார், அதைப் பற்றி வெட்கப்படும்படி செய்துவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. முயல் கதைகள் அவர் வீட்டிலும் சொல்லப்பட்டவைதாம். ஆனால் ரீமஸ் மாமாவின் வாயில் வைத்துத் திரையில் காட்டியபோது, அவை தம்முடைய கதைகள் என்று சொல்லிக்கொள்ளவே அந்தக் குழந்தைகளுக்குக் கூச்சமாகிவிட்டது.

ஹாரிஸ் எழுதி வைக்காவிட்டால் அக்கதைகளில் பல இன்று நமக்குக் கிடைத்திருக்காது என்பாரும் உண்டு. அதையும் மறுப்பதற்கில்லை. இரண்டும் உண்மை. ஒருவர் காப்பாற்றிய கதையே அதன் சொந்தக்காரர்களுக்கு அந்நியமாகிப் போகவும் கூடும். எழுதும் எவரும் அஞ்ச வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே, அந்தந்த ஊரார்தாம் அந்தந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஃபாக்னர் காட்டிய ஊராரும் ஒருவரைக் கணக்கில் விட்டவர்களே. நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். அடுத்த முறை ஒரு கதையைக் கையில் எடுக்கும்போது, நடந்தது என்ன என்று பார்த்த கையோடு மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். சொல்பவர் யார்? எங்கே நின்று சொல்கிறார்? அந்த வீட்டில் இருந்தும் யாரும் கேட்காமல் விட்டவர் யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடிப் போனவர்களால்தான் அமெரிக்கச் சிறுகதை வளர்ந்தது. டோபி பின்வாசல் வழியாகப் போனது 1930இல். அவர் என்ன பார்த்தார் என்று கேட்க ஊரில் ஒருவரும் இல்லை. அந்தக் கதவைத் திறந்து பார்க்கும் வாசகராகவாவது நாம் இருப்போம்.